சாப்பாட்டு மேசையில் ரெண்டு டெர்மினல்

கல்யாணமாகி நாலு வருஷமாக என் அம்மாவும் என் கணவரும் பேசிக்கொண்டது மொத்தம் மூன்றே விஷயம்தான். சாப்பிட்டாச்சா, பஸ் கிடைத்ததா, உங்கள் பக்கம் மழை உண்டா.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"வெயில் தாங்கலை, இல்ல?"

"ஆமாங்க அத்தை."

அதற்கு மேல் ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான்தான் ஏதாவது பேசி இழுத்துக்கொண்டு போகவேண்டும். இத்தனைக்கும் ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில்தான் சோறு. விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டி வரைபடம் தயாரிக்கும் ஒரு அலுவலகத்தில் அம்மா சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் கோத்து அச்சுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் புரோகிராமர். நிறையப் பேசிக்கொள்வார்கள் என்று கல்யாணத்தின்போது எல்லாரும் சொன்னார்கள். அம்மாவோ, வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையிடம் ஆபீஸ் கதை பேசக்கூடாது என்று இருந்துவிட்டாள். அவர், அத்தை முன்னால் மேதாவித்தனம் காட்டக்கூடாது என்று இருந்துவிட்டார். மரியாதையிலேயே நாலு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் எங்கள் குளியலறைக் கூரை பெயர்ந்து விழுந்தது. மாடி வீட்டுக் குழாய் பல மாதமாகக் கசிந்து, ஒரு நாள் காலை வாளிக்குள்ளேயே ஒரு துண்டு வந்து விழுந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, தரையிலும் சுவரிலும் இருக்கிற டைல்ஸை எல்லாம் உடைத்து எடுத்துத்தான் பதிக்கவேண்டும், அதுவரை குடியிருக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். ரெண்டு பெட்டி, ஒரு மானிட்டர், அவருடைய கீபோர்டு, இவற்றோடு அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மேசை என்று இருப்பது சாப்பாட்டு மேசை ஒன்றுதான். வாரத்தில் பாதி நாள் அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். அவருக்கோ தினமும் வீட்டில்தான். ஜன்னல் பக்கம் அம்மா, சமையலறைப் பக்கம் அவர் என்று பிரித்துக்கொண்டார்கள். நடுவில் தண்ணீர் ஜக்கும் ஒரு ஊறுகாய் பாட்டிலும் எல்லைக்கல் மாதிரி நின்றன. முதல் ரெண்டு நாள் கீபோர்டு சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். மூன்றாவது நாள் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வருகிறேன், மாடிப்படியிலேயே ரெண்டு பேர் குரலும் கேட்கிறது. ரெண்டும் உயர்ந்த குரல்.

"இடைவெளியே இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும் அத்தை. அதுதான் டைலிங். ஒரு இம்மி இடம் வீணாகாது."

"எல்லாம் ஒட்டி நின்னா என்ன பெருமை? நான் கோடு போட்டு நாலாப் பிரிச்சுக்குவேன், எனக்கு அது போதும்."

குளியலறை டைல்ஸ் விஷயத்தில் அம்மா மூக்கை நுழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உள்ளே போனேன்.

"அம்மா, அது எங்க வீட்டு பாத்ரூம். எப்படி ஒட்டணும்னு அவரே முடிவு பண்ணட்டும். நீ எதுக்கு நடுவுல?"

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த பாத்ரூம்?" என்றாள் அம்மா.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ரெண்டு பேரும் வேலை பார்ப்பது டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலில். படம், பட்டன் எதுவும் கிடையாது. எழுத்தாகக் கட்டளை கொடுத்தால் எழுத்தாகப் பதில் வரும். பிரச்சினை என்னவென்றால், ஒரு ஜன்னல் போதாது. ஒன்றில் வேலை ஓடும், ஒன்றில் அதைக் கண்காணிக்கவேண்டும், ஒன்றில் எழுதவேண்டும். இதற்கு அம்மா வைத்திருப்பது மல்டிபிளெக்சர் என்கிற புரோகிராம். ஒரே கறுப்பு ஜன்னலுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அறைகளாகப் பிரித்துக் கொடுக்கும். அடியில் பச்சையாக ஒரு பட்டை ஓடும். இவர் வைத்திருப்பது டைலிங் விண்டோ மேனேஜர். இது கறுப்பு ஜன்னலோடு நிற்காமல், திரையில் திறக்கிற எல்லாவற்றையும் தானே அடுக்கி வைக்கும். ஒன்று திறந்தால் திரை முழுக்க அது. இன்னொன்று திறந்தால் ஆளுக்குப் பாதி. எதுவும் எதன் மேலும் ஏறி உட்காராது. எல்லாம் விசைகளால்தான், மவுஸே தேவையில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அம்மா தன் பச்சைப் பட்டைக்குள் ஒழுங்காக இருந்திருக்கிறாள். ஆனால் ஆபீஸிலிருந்து வந்த ஒரு வரைபடத்தைத் திறந்து பார்க்கவேண்டி வந்ததும், எட்டு ஜன்னல் குவிந்து கிடக்க, மவுஸால் ஒவ்வொன்றாக விலக்கித் தேடியிருக்கிறாள். அவர் அதைப் பார்க்காதது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பொறுக்க முடியாமல், "அத்தை, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

"உங்க மல்டிபிளெக்சர் எழுத்தை மட்டும்தான் பிரிக்கும் அத்தை. ஒரு படம் வந்தா? மெயில் வந்தா? திரும்பக் குப்பைதானே? என் வேலையில இடது பக்கம் புரோகிராம் எழுத்து, வலது பக்கம் புத்தகப் பக்கம் எப்படி வந்திருக்குன்னு தெரியணும். அதை உங்க பெட்டிக்குள்ள எப்படிக் காட்டுவீங்க?"

"காட்ட முடியாதுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க லேப்டாப் அணைஞ்சுபோச்சுன்னா இந்த அடுக்கெல்லாம் என்ன ஆகும்?"

"திரும்ப அடுக்கிக்கணும்."

"அதுக்குள்ள ஓடிக்கிட்டிருந்த வேலை?"

அவர் ஊறுகாய் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"என்னுது அப்படி இல்லை. அது என் லேப்டாப்லயே கிடையாது. ஆபீஸ் சர்வர்ல இருக்கு. நான் இங்கேர்ந்து எட்டிப் பார்க்கறேன், அவ்வளவுதான். இதைத் தூக்கிக் கிணத்துல போட்டாலும் அங்க வேலை அது பாட்டுக்கு ஓடும்."

"சரி, ஆனா ஒவ்வொண்ணுக்கும் கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி, கையை எடுத்து, அப்புறம் இன்னொரு விசையை அழுத்தணும். சொந்த வீட்டுக்குள்ள போகக் கதவைத் தட்டற மாதிரி இல்லையா?"

"உங்க செட்டிங் எல்லாம் எழுதி வெச்சிருக்கற ஃபைல் எவ்வளவு நீளம்னு சொல்லுங்க பார்ப்போம்."

"கொஞ்சம் நீளம்தான்."

"நான் ஒரு வரி எழுதலை. எந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தாலும் என் கை அதே இடத்துக்குப் போகும்."

எனக்குக் குடை உசத்தியா செருப்பு உசத்தியா என்று ரெண்டு பேர் அடித்துக்கொள்வதுபோல் இருந்தது. "ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"வெச்சுக்கலாம்," என்றார் அவர்.

"நிறையப் பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க," என்றாள் அம்மா.

"அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?"

ரெண்டு பேரும் அவரவர் திரைக்குத் திரும்பிக்கொண்டார்கள். நான் அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"எங்கம்மாகிட்ட இப்படிக் குரலை உசத்தாதே. நாம இங்க விருந்தாளியா வந்திருக்கோம்."

"நான் எங்க சண்டை போட்டேன்? உங்கம்மா பயங்கரமான ஆளு. நாலு வருஷமா இதை ஏன் நீ என்கிட்ட சொல்லவே இல்லை?" என்றார். முகம் பூரித்துக் கிடந்தது.

அடுத்து அம்மா உள்ளே வந்தாள். தட்டு எடுக்கிற சாக்கில் என் காதருகே குனிந்து, "உன் புருஷன் சரியான வம்பன்டி," என்றாள். அவள் முகத்திலும் அதே வெளிச்சம்.

அவர் ஏன் அந்த டைலிங்கை விட்டுக்கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அறிமுகத்தோடேயே வந்தது அது. வலது மணிக்கட்டில் வலி என்று என் கிளினிக்குக்கு வந்தவர் அவர். டம்ளரைத் தூக்க முடியாத அளவுக்கு வலி. நாள் முழுக்க மவுஸைப் பிடித்தபடியே இருப்பதுதான் காரணம் என்று சொல்லி, பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, "முடிஞ்சவரைக்கும் மவுஸைத் தொடாதீங்க," என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய் மவுஸையேதான் பிடிப்பார்கள். இவர் அடுத்த முறை வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மவுஸே இல்லாமல் வேலை செய்யும்படி மொத்தத்தையும் மாற்றி, ராப்பகலாக உட்கார்ந்து பழகியிருந்தார். எந்த விசை எதற்கு என்று சிகிச்சைக் கட்டிலில் உட்கார்ந்தபடி எனக்கு விளக்கினார். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால், நான் சொன்ன ஒன்றை இவ்வளவு அக்கறையாக எடுத்துக்கொண்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

சண்டை நாலைந்து நாள் நீடித்தது. காலையில் அம்மா காபியை அவர் பக்கம் நகர்த்தும்போதே ஒரு கேள்வியும் சேர்ந்து வரும். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரம் அம்மா டைலிங்கில் இருக்கவேண்டும். அவர் தன் அடுக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மல்டிபிளெக்சருக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்யவேண்டும். யார் முதலில் முடியாது என்கிறாரோ அவர்தான் தோற்றவர்.

முதல் நாள் அம்மாவின் திரையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. புது டெர்மினல் திறக்கும் விசையைத் தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்ததில், ஒவ்வொன்றும் முந்தையதைப் பாதியாக நறுக்கி, கடைசி ஜன்னல் ஒரு ரிப்பன் அகலத்தில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுக்குள்ள எறும்புதான் வேலை பார்க்கலாம்," என்றாள். ஆனால் மவுஸைத் தொடவில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவர் நிலைமை அதைவிட மோசம். மல்டிபிளெக்சரைத் தன் லேப்டாப்பில் திறந்து, அதற்குள்ளிருந்து கம்பெனி சர்வருக்குப் போய், அங்கேயும் ஒன்றைத் திறந்துவிட்டார். அடியில் ரெண்டு பச்சைப் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று. உள்ளே இருப்பதற்குச் சொல்கிற கட்டளையை எல்லாம் வெளியே இருப்பதே வாங்கிக்கொண்டது.

"அத்தை, நான் எந்த வீட்டுக்குள்ள இருக்கேன்னே தெரியலை."

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அந்தக் கன்ட்ரோல் பி-யை ரெண்டு தடவை அழுத்துங்க. முதல் தட்டு வெளியே இருக்கறவருக்கு, ரெண்டாவது உள்ளே இருக்கறவருக்கு. கதவைத் தட்டறதைப் பத்தி ரொம்பக் கேலி பேசினீங்களே."

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. அம்மாவுக்கு மேலதிகாரியோடு வீடியோ மீட்டிங். திரையில் பாதி மேலதிகாரியின் முகம், மீதியில் அம்மாவின் டெர்மினல். அந்த முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளலாம் என்று நினைத்து எதையோ அழுத்தினாள். மேலதிகாரி வாயைத் திறந்த நிலையிலேயே மறைந்துபோனார். அந்த விசை ஜன்னலை மூடுகிற விசை.

"டேய், இங்க வாடா," என்று அம்மா கத்தினாள்.

அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, துண்டு தோளில் கிடக்க, குளியலறையிலிருந்து ஓடி வந்தார். ரெண்டு விசையில் மீட்டிங்கைத் திரும்பத் திறந்து கொடுத்துவிட்டு, கேமராவில் பட்டுவிடாமல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். "மன்னிக்கணும் சார், இன்டர்நெட் கொஞ்சம் சரியில்லை," என்று அம்மா கூசாமல் பொய் சொன்னாள்.

மீட்டிங் முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "மாப்பிள்ளை, பதட்டத்துல வாய் தவறிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அத்தை. அப்படியே கூப்பிடுங்க. எனக்கும் சௌகரியமா இருக்கு."

அம்மா சரி என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "நீயும் வந்து உட்காரு, ஆறிடும்," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சாதம் பரிமாறுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

வாரம் முடிந்தது. ரெண்டு பேரும் தோற்கவில்லை, அதனால் ரெண்டு பேரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அன்று சாப்பிடும்போது அவர் கேட்டார்: "அத்தை, நிஜமாவே கேக்கறேன். கழட்டி மாட்டறது நல்ல வசதிதான், ஒத்துக்கறேன். ஆனா அதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு?"

கழட்டுவது, மாட்டுவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பேர். சர்வரில் வேலையை ஓடவிட்டுவிட்டு இங்கே தொடர்பை மட்டும் துண்டித்துக்கொள்வது கழட்டுவது. திரும்பப் போய் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வது மாட்டுவது.

அம்மா சாதத்தில் கொஞ்சம் ரசம் விட்டுக்கொண்டாள். தட்டில் இருந்ததைப் பிசைந்தபடியே சொன்னாள். "இவ ஸ்கூல் போற காலத்துல இவளுக்கு அடிக்கடி காது வலி வரும். சீழ் வெச்சு ஜுரம் அடிக்கும். அப்பா இல்லாத பிள்ளை, போன் எனக்குத்தான் வரும். அங்க பாதி வேலை ஓடிக்கிட்டிருக்கும். எழுந்து போனா அது நின்னுடும், மறுநாள் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். திட்டு வாங்கணும். அதனால, ஒரு அஞ்சு நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இவ அங்க ஆயா மடியில அழுதுக்கிட்டுக் கிடப்பா. அப்ப என்கூட வேலை பார்த்த ஒரு அம்மா இதைக் காட்டிக் கொடுத்தாங்க. அப்ப வேற பேரு, ஆனா இதே விஷயம்தான். போன் வந்ததும் ரெண்டு விசையை அழுத்திட்டு எழுந்துடுவேன். அது பாட்டுக்கு ஓடும். இவளுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவெச்சுட்டு, வீட்டு போன் லைன்ல மாட்டிப் பார்த்தா, விட்ட இடத்தைத் தாண்டித் தானா போய்க்கிட்டிருக்கும்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூட வாசலில் எனக்காக நிற்கிற அம்மாதான். கலைந்த தலையும் தோளில் கைப்பையுமாக நிற்பாள். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட வருகிறவர்கள் வந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அம்மா பார்த்து எனக்கு ஞாபகமே இல்லை. வழியெல்லாம் என் காதில் தன் உள்ளங்கையை வைத்துப் பொத்தியபடி, அவசரமே இல்லாதவள் மாதிரி நடத்திக் கூட்டி வருவாள்.

"என் மணிக்கட்டுக் கதை உங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்று அவர் ஆரம்பித்தார். முழுவதையும் சொன்னார், நான் திட்டியதாகக் கொஞ்சம் கூட்டியும் சொன்னார்.

அம்மா கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டுக்கும் இவதான் காரணம்னா, இவ மட்டும் எப்படி இன்னும் ரெண்டு விரலால தட்டிக்கிட்டிருக்கா?"

கண் கலங்கிவிடும் போலிருந்த எனக்கு அது தப்பித்துக்கொள்ள வழியாக இருந்தது. மோர் எடுக்க எழுந்து போனேன்.

கொத்தனார் வேலையை இழுத்தடித்தார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மழை நாள். கிளினிக்குக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். ஒரு அறிவியல் பாடப் புத்தகத்தை அன்று சாயங்காலத்துக்குள் அவர் அச்சகத்துக்கு அனுப்பியாகவேண்டும். படங்கள் நிறைந்த புத்தகம், எல்லாப் பக்கமும் தயாராகி வரப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் தன் லேப்டாப்பிலேயே அதை ஓடவிட்டிருந்தார். பத்து மணி வாக்கில் லேப்டாப் அம்மி அரைப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டது. தீய்ந்த வாசனை வந்தது. திரை இருண்டது. அப்புறம் எதை அழுத்தியும் உயிர் வரவில்லை.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "புத்தகம் கம்பெனி சர்வர்ல பத்திரமா இருக்கு. காலையிலேர்ந்து ஓடினது போச்சு. ஆனா இப்ப எதுல உட்கார்ந்து செய்யறது?" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

எதிரே அம்மாவும் வேலையில் இருந்தாள். விமானப் படங்களை ஒட்டி வரைபடமாக்கும் அவளுடைய வேலை முந்தின நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு விசைகளை அழுத்தினாள். நாலு அறைகளும் பச்சைப் பட்டையும் மறைந்து, ஒற்றை வரி மட்டும் நின்றது.

"கழட்டிட்டேன். நீ இதுல உட்காரு."

"உங்க வேலை?"

"அது இதுலயா இருக்கு? ஆபீஸ்ல ஓடுது. நான் அங்கயே போய் மாட்டிக்கறேன்."

"மழை கொட்டுது அத்தை."

"கொட்டட்டும், நான் என்ன உப்பா?"

அந்த லேப்டாப்பை அம்மா யாரையும் தொடவிட்டதில்லை. என்னைக்கூட. போவதற்கு முன் அவர் பெயரில் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்துவைத்தாள். "என் பேர்ல உள்ளே விடமாட்டேன். பெத்த பிள்ளையா இருந்தாலும் தனி அக்கவுண்ட்தான்," என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காற்றில் குடை மடங்க மடங்க அதைப் பிடித்து இழுத்தபடி பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். விசையில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரேன். பந்தயம் முடிஞ்சும் உங்கம்மா டைலிங்கை அழிக்காம அப்படியே வெச்சிருக்காங்க."

தன் செட்டிங்குகளை இணையத்தில் ஒரு மூலையில் சேமித்து வைத்திருந்தார். அவற்றை இறக்கிக்கொண்டதும் விரல்கள் பழைய வேகத்தில் ஓடத் தொடங்கின. இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் புத்தகப் பக்கம். ஆனால் பக்கங்களைத் தயாரிக்கும் வேலையை இந்தத் தடவை லேப்டாப்பில் ஓடவிடவில்லை. கம்பெனி சர்வருக்குப் போனார். அடியில் பச்சைப் பட்டை தெரிந்தது.

மத்தியானம் இடி ஒன்று இறங்கியதில் இன்டர்நெட் போய்விட்டது.

"போச்சா?" என்றேன்.

"போகாது," என்றார். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார். லைன் திரும்ப வந்ததும் மாட்டிப் பார்த்தார். பாதிப் புத்தகத்துக்கு மேல் முடிந்திருந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, "அத்தைகிட்ட சொல்லிடாதே," என்றார்.

அம்மா முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தாள். அவள் செருப்பை விடுவதற்குள் அவரே முழுக் கதையையும் சொல்லிவிட்டார். நான் சொன்னேனே என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "படம் பக்கத்துலயே தெரியுமேன்னு சொல்லிக்கிட்டிருந்தியே, காட்டு," என்றாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். இலை, வேர், தவளை, மனித எலும்புக்கூடு.

"நில்லு," என்றேன். "முன்கை எலும்பு ரெண்டுக்கும் பேர் மாறியிருக்கு. கட்டைவிரல் பக்கம் வர்றதுதான் ஆர எலும்பு. இங்க சுண்டுவிரல் பக்கம் போட்டிருக்கு."

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவும் தன்னுடையதைப் பார்த்தாள். நான் ரெண்டு பேர் கையிலும் தொட்டுக் காட்டினேன். இடது பக்கம் ரெண்டு வார்த்தைகளை மாற்றினார், வலது பக்கம் படம் சரியாகி வந்தது. அச்சகத்திலிருந்து ரெண்டாவது தடவை போன் வருவதற்குள் புத்தகம் போய்விட்டது. அன்று மூன்று பேருக்கும் சமைக்கத் தெம்பில்லை. ரொட்டியைச் சுட்டு, ஒரே தட்டில் வைத்து, லேப்டாப்பைக்கூட நகர்த்தாமல் அதன் பக்கத்திலேயே சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் எங்கள் வீடு தயாராகி நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பெட்டியைக் கட்டும்போது அம்மா, இனிமேல் மேசை முழுக்கத் தனக்குத்தான் என்று பெரிய நிம்மதி மாதிரி சொன்னாள். அன்று சாயங்காலமே அவருக்கு போன் செய்து, எந்த விசை ஜன்னலைக் குறுக்கே திருப்பும் என்று கேட்டாள். மறந்துபோய்விட்டதாம். அரை மணி நேரம் பேசினார்கள்.

கடைசியாக மாட்டிக்கொண்டது என் கிளினிக் கம்ப்யூட்டர். ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். நாற்காலி ஒன்றுதான் என்பதால் அம்மா அதில் உட்கார்ந்தாள். அவர் உடற்பயிற்சிப் பந்தை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"இவளுக்கு டைலிங்தான் சரி அத்தை. ஒரு பக்கம் பேஷண்ட் பேரு, ஒரு பக்கம் எக்ஸ்ரே."

"அவ வீட்டுக்கு வந்தும் இதைப் பார்க்கணும்ல? ஒரு சர்வர்ல போட்டு மாட்டிவிட்டாத்தான் சரியா வரும்."

"எனக்கு ஒரே ஒரு ஜன்னல் போதும். நாளைக்குக் காலையில அது திறந்தா போதும்," என்றேன்.

"நீ சும்மா இரு," என்றார்கள் ரெண்டு பேரும்.

சும்மா இருந்தேன். செய்ய வேறு வேலை இல்லாததால் சிகிச்சைக் கட்டிலில் ஏறிப் படுத்து, தலையணையை இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் ஏதோ சொன்னார், அம்மா அதை மறுத்தாள், பந்து கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் வார்த்தைகள் பிரிந்து கேட்கவில்லை, ரெண்டு குரல்கள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அப்படியே தூங்கிப்போனேன்.